நான் பார்க்காத குருகு

1

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பைனாக்குலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ஊரிலிருந்து அக்கா போன் செய்தால், கடைக்குப் போவதாகத்தான் சொல்வேன். ஒரே ஒரு முறை உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

"குருவி பாக்கறதுக்கா? அதுக்கு எதுக்குக் கண்ணு அத்தனை தூரம் போனே? இங்க ஊட்டுச் சன்னல்ல வந்து கத்திக்கிட்டுத்தானே கெடக்குது" என்றாள் லில்லி அக்கா. சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறவள். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியதால் போனிலும் கத்தித்தான் பேசுவாள். பக்கத்தில் நின்றிருந்த என் கணவர் சிரித்தே விட்டார்.

அக்கா கேட்டதில் நியாயம் இருக்கிறது. துடியலூர்ப் பக்கம் அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போன சோளக்காட்டில், கதிர் முற்றும் காலத்தில் குருவி ஓட்டுவது எங்கள் இரண்டு பேர் வேலை. ஓட்டை டின்னைக் குச்சியால் தட்டிக்கொண்டு விடிந்ததிலிருந்து வரப்பு வரப்பாக ஓட வேண்டும். மைனா, கிளி, தினைக்குருவி, எது வந்தாலும் எதிரிதான். அதை ஒரு பொற்காலமாக எழுத எனக்கு மனம் வராது. கை வலிக்கும், தொண்டை கட்டும், பள்ளிக்கூடத்தில் முதல் மணி போய்விடும். லாபம் என்று பார்த்தால் ஒன்றுதான். கண்ணில் படுவதற்கு முன்பே குரலை வைத்து இன்ன பறவை என்று சொல்லிவிடுவேன்.

அப்படி விரட்டி வளர்ந்தவள், பறவை பயந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஊருக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம் ஆகிறது. அதைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று நினைத்திருந்தேன். அதற்குள் ஆற்றங்கரையில் ஒரு பலகை வைத்துவிட்டார்கள். 'அபூர்வப் பறவை கூடு கட்டும் இடம். ஜூலை முடியும் வரை இந்தத் தடம் மூடப்பட்டுள்ளது.' பலகைக்குக் காரணம் என் கையெழுத்து. அதில் குறிப்பிட்டிருந்த பறவையை நான் பார்க்கவே இல்லை.

2

ஊரில் இருக்கிறவர்களுக்காக இடத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது கொலராடோ மாநிலத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற நடுத்தரமான ஊர். ஊருக்குள்ளேயே ஓர் ஆறு போகிறது. கரையில் இரண்டு இடங்களை நகராட்சி ஒன்றும் கட்டாமல் அப்படியே விட்டு வைத்திருக்கிறது. இயற்கைப் பகுதி என்று பெயர். நம்ம ஊராக இருந்தால் இந்நேரம் சைட் போட்டு விற்றிருப்பார்கள் என்று என் கணவர் முதல் நாளே சொன்னார். பூங்கா என்று நினைத்துவிட வேண்டாம். ஊஞ்சல் கிடையாது, சுண்டல்காரர் கிடையாது. நாணல், பெரிய பெரிய காட்டன்வுட் மரங்கள், முன்னொரு காலத்தில் ஜல்லி எடுத்த குழிகளில் தேங்கி நிற்கிற குளங்கள், அவ்வளவுதான்.

இரண்டு பகுதிகளையும் சேர்ப்பது ஆற்றை ஒட்டிப் போகும் ஒரு நடைத்தடம். சைக்கிளும் போகலாம். எங்கள் மகள் ஜெனி அதில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். பதினைந்து வயது. நானும் என் கணவரும் விடியற்காலையிலேயே ஒரே காரில் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அவருக்கு ஒரு பட்டறையில் மெஷின் பராமரிப்பு, எனக்கு ஒரு மருத்துவமனைச் சமையலறை. ஆற்றுத்தடம் இருக்கிற தைரியத்தில்தான் பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டுப் போகிறோம்.

என்னைப் பறவை பார்க்க இழுத்துக்கொண்டு போனதே ஜெனிதான். பத்து வயதில் பள்ளிக்கூடத்தில் ஏதோ புராஜெக்ட். நாலு வருடம் சனிக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் போனோம். பிறகு அவள் நின்றுவிட்டாள். கேட்டால் தோளைக் குலுக்குவாள். இப்போதெல்லாம் சாப்பிடும்போது "இன்னிக்கு என்ன பாத்தே?" என்று ஒரு கேள்வி வரும். பதிலைக் கேட்டுக்கொண்டே போனைப் பார்ப்பாள். அந்தக் கேள்வியும் நின்றுவிடுமோ என்று எனக்கு உள்ளூரப் பயம் உண்டு.

சனிக்கிழமை நடையை நடத்துகிறவர் ஹெரால்ட். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எண்பது தாண்டிவிட்டார். வாரா வாரம் பத்துப் பேர் சேர்ந்து நடப்போம், பார்த்ததையெல்லாம் அவர் நோட்டில் எழுதுவார். நாற்பது வருடமாக எழுதுகிறார். அவர் பேசுவது ஆங்கிலம்தான். ஆனால் அந்த நிதானமும் மரியாதையும் என் காதில் நம்ம ஊர்ப் பேச்சாகவே விழும். அதனால் அப்படியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

3

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை. மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். இணைப்புத் தடம் ஆற்றோடு வளைகிற இடத்தில் நானும் ஹெரால்டும் மட்டும் பின்தங்கி நின்றோம். காற்று பலமாக இருந்தது. காற்றடித்தால் இரைகிறது என்று அவர் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தார்.

நாணலுக்குள்ளிருந்து ஒரு பறவை எழும்பியது. பழுப்பு உடம்பு, நெஞ்சில் கோடு கோடாக. அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, பாத்தீங்களா? பிட்டர்னுங்க! இந்த ஆத்துல இது வந்து எத்தனை காலமாச்சுங்க! இனி என்ற ஆயுசுக்குப் பாக்க மாட்டேன்னு இருந்தனுங்க."

பிட்டர்ன் என்பது ஒரு வகைக் குருகு. நாணலோடு நாணலாக நின்றுவிடும், லேசில் கண்ணில் படாது. நாணலுக்குள்ளேயே தரையோடு கூடு கட்டும். இந்தப் பக்கத்துப் பறவைக்காரர்கள் அதற்காகத் தவம் கிடப்பார்கள்.

ஆனால் எழும்பியது அது இல்லை. போகிற போக்கில் 'வக்' என்று ஒரு குரல் கொடுத்தது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊர்க் குளத்து மேட்டு வேலமரத்தில் பகலெல்லாம் தூங்கிவிட்டுப் பொழுது சாயும்போது கத்திக்கொண்டு கிளம்புகிற இராக்கொக்கு, வக்காதான் அது. அதே பறவை இங்கேயும் இருக்கிறது. வளர்ந்த பிறகு சாம்பலும் கறுப்புமாக ஆகிவிடும். குஞ்சுப் பருவத்தில் பழுப்பாக, இறக்கையில் வெள்ளைப் பொட்டு வைத்துக்கொண்டு இருக்கும். பொட்டையும் பார்த்தேன், குரலையும் கேட்டேன். சந்தேகமே இல்லை.

"நீங்களும் பாத்தீங்கல்ல?" என்று மறுபடியும் கேட்டார்.

"பாத்தேனுங்க, நல்லாவே தெரிஞ்சுது" என்றேன்.

ஏன் சொன்னேன்? எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பத்துக் கல்யாணப் பத்திரிகை வந்தால் பத்துப் பேரிடமும் "கண்டிப்பா வந்துபோடறோமுங்க" என்போம். போவது மூன்றுக்கு. கூப்பிட்டவருக்கும் அது தெரியும், ஒருத்தரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முகத்துக்கு நேராக "வர முடியாது" என்று சொன்னால்தான் ஆயுசுக்கும் பேச்சு நின்றுபோகும். விருந்தில் ரசம் உப்புக் கரித்தாலும் "நல்லாருக்குதுங்க"தான். பெரியவர் ஒருத்தர் சந்தோஷமாக ஒன்றைச் சொல்லும்போது இல்லை என்பது எங்கள் வாயில் வராது.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த சனிக்கிழமை ஹெரால்ட் ஒரு படிவம் கொண்டுவந்தார். அபூர்வப் பறவையைப் பார்த்தால் நகராட்சி அலுவலகத்துக்கு எழுதித் தருகிற படிவம். பார்த்தவர் பெயர் அவருடையது. கீழே 'உடன் பார்த்தவர்' என்று ஒரு கட்டம்.

குடியுரிமைப் படிவத்தில் அப்பாவின் பெயரை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் தூங்காதவள் நான். இதில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டேன். ஒரு குருவிக்கு எழுதிய காகிதத்தை எந்த ஆபீசர் படிக்கப் போகிறார், கட்டோடு கட்டாகக் கிடக்கும் என்று நினைத்தேன். ஊரில் எங்கள் தெருவிளக்கு மனு அப்படிக் கிடந்ததை வைத்து இந்த ஊர் அலுவலகத்தையும் எடைபோட்டுவிட்டேன்.

இங்கே படித்துவிட்டார்கள். பத்து நாளில் பலகை வந்தது. தடத்தின் இரண்டு முனையிலும் சங்கிலி போட்டார்கள்.

4

முதல் வாரம் ஊர் முழுக்க ஹெரால்டுக்குத்தான் மரியாதை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் முழ நீள லென்ஸோடு ஆட்கள் வந்தார்கள். சங்கிலிக்கு வெளியே நின்றுகொண்டு நாணலையே பார்த்தார்கள். காபிக்கடையில் யாரோ அவருக்குக் கைகொடுத்ததை நானே பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பி, "இவங்களும் பாத்தாங்க" என்றார். நானும் சிரித்து வைத்தேன்.

ஜெனி பெரிய ரோட்டில் போக ஆரம்பித்தாள். லாரியும் பிக்கப் வண்டியும் பறக்கிற ரோடு. ஓரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு வெள்ளைக் கோடு உண்டு, சில இடங்களில் அது மறைந்துவிடும். பள்ளிப் பேருந்துக்கு நாங்கள் இருக்கும் தூரம் போதாதாம், அதற்கும் ஒரு விதி இருக்கிறது. "பாத்துப் போ கண்ணு" என்று காலையில் சமையலறையிலிருந்து மெசேஜ் அனுப்புவேன். ஒரு கட்டை விரல் படம் பதிலாக வரும். அது வருகிற வரை எனக்கு வேலை ஓடாது.

ஒரு வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்தபோது ஜெனி குழாயடியில் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து ரத்தம். பெரிய வண்டி ஒன்று உரசுகிற மாதிரிப் போனதில் ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்துவிட்டாளாம். வண்டி நிற்கவே இல்லை. சோபாவில் உட்கார வைத்து மருந்து போட்டுவிட்டேன்.

"அம்மா, அந்த சைன்போர்ட்ல இருக்கற பேர்டை நீயும் ஸ்பாட் பண்ணினேன்னு ஹெரால்ட் எல்லார்கிட்டயும் சொல்றாரு."

"ம்."

"பட் அன்னிக்கு டின்னர்ல நீ வக்கான்னுதானே சொன்னே? பேபி வக்கா, விங்க்ல வொயிட் டாட்ஸ். எனக்கு ஞாபகம் இருக்கு."

போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அவரு வயசானவரு கண்ணு. எப்படி மூஞ்சிக்கு நேரா..."

"நீ எல்லாருக்கும் யெஸ் சொல்றே. யாராச்சும் சிரிச்சாப் போதும், யெஸ். எனக்கு மட்டும்தான் நோ." கையை இழுத்துக்கொண்டாள். "அதான் நான் வர்றதை ஸ்டாப் பண்ணினேன். அங்க எல்லார்கிட்டயும் நீ தலையாட்டறதைப் பாக்கப் பிடிக்கலை."

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு வருடமாகத் தோளைக் குலுக்கியதற்கு இதுதான் அர்த்தம். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவளைப் பேசுகிற பேச்சா இது என்று என் கணவரிடம் பொரிந்தேன். அவர் முகம் கழுவிக்கொண்டே, "புள்ளை சொன்னதுல தப்பு என்ன?" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

5

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்தேன். அதிசயமாகப் பின்னால் தறிச் சத்தம் இல்லை, கரண்ட் போயிருந்தது. முழுக்கதையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கொக்குக்குப் பொய்ச்சாட்சி சொன்னவ நம்ம குடும்பத்துல நீ ஒருத்திதான் கண்ணு. சண்டே கிளாஸ்ல மொதல் பரிசு வேற வாங்கினே."

ஜெனி விழுந்ததைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"பெரியவர் மனசு நோகக் கூடாதுன்னு சொன்னே, சரி. புள்ளை லாரி ரோட்டுல போறப்பவும் என்ன அம்மணி மரியாதை? போய்ச் சொல்லிப்போடு."

"எப்படிக்கா சொல்றது? அவரு எவ்வளவு சந்தோசமா இருக்கறாரு தெரியுமா."

அக்கா வழக்கமான சத்தம் இல்லாமல் சொன்னாள். "நானும் உன்றகிட்ட ஒண்ணு சொல்லோணும். எனக்கு எடது காது போயி நாலு வருசமாச்சு. வலதும் பாதிதான். தறி ஓடறப்ப நீ போன்ல பேசறது பாதி எனக்குக் கேக்கறதே இல்லை. சரி கண்ணு, சரி கண்ணுன்னு சொல்லிக்கிட்டு இருக்கறேன். அத்தனை தூரத்துல இருக்கறவளுக்கு எதுக்கு வருத்தம்னுதான்."

போன மார்கழியில் வேலையிடத்தில் நடந்த ஒரு அவமானத்தை இவளிடம்தான் அரை மணி நேரம் அழுது சொன்னேன். "சரி கண்ணு, எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள். ஆறுதலாக இருந்தது. அதில் எவ்வளவு கேட்டாள் என்று இப்போது கேட்கவும் பயமாக இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "என்றகிட்டயே எதுக்குக்கா இப்படி?" என்றேன்.

"அதேதான் நானும் கேக்கறேன்" என்றாள். அதற்குள் கரண்ட் வந்துவிட்டது.

6

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டாள். பறவையைப் பார்த்ததாகச் சொல்லப் படிவம் இருக்கிறது, பார்க்கவில்லை என்று சொல்லப் படிவம் இல்லை. இதுவரை யாரும் அப்படி வந்து கேட்டதில்லையாம். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட கடிதம் கொடுத்தால் பதிவை நீக்கிவிடலாம் என்றாள். ஹெரால்டுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று ஒரு நப்பாசையோடு போயிருந்தேன். அது நடக்காது என்று தெரிந்தது.

கடிதத்தை எழுத நாலு காகிதம் கிழித்தேன். அன்று மாலையே கிளம்பினேன். செருப்பை மாட்டும்போது ஜெனி சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து, "நானும் வாரேன்" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை, கேட்டால் மாறிவிடுவாளோ என்று பயம்.

ஹெரால்ட் கதவைத் திறந்ததும் ஜெனியின் முழங்கையில் இருந்த கட்டைத்தான் முதலில் பார்த்தார். உள்ளே கூப்பிட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தேநீர் வரும், தேநீர் வந்தால் என்னால் சொல்ல முடியாது.

"அன்னிக்குப் பாத்தது பிட்டர்ன் இல்லீங்க. வக்காவோட குஞ்சு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுதான் ஆமான்னு சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அப்பவேன்னா, எப்பங்க?"

"அது பறந்துக்கிட்டு இருக்கறப்பவே."

"இத்தனை பேரு வந்து என்ற கையைப் புடிச்சுக் குலுக்கினாங்க. நீங்க பக்கத்துலதான் நின்னீங்க."

"ஆமாங்க."

கோபப்பட்டுக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அப்படி நடந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகச் சொன்னார்.

"எனக்குச் சரியாக் கண்ணு தெரியலைங்க அம்மணி. ரெண்டு வருசமாத் தெரியறதில்லை. அதனாலதான் உங்களைக் கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். சும்மா பேச்சுக்கா கேட்டேன்?"

அவர் கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தன் சந்தோஷத்துக்குத் துணை தேடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவர் என் கண்ணைக் கடன் கேட்டிருக்கிறார். இருக்கிற கூட்டத்தில் என் காதையும் கண்ணையும் நம்பித்தான் கேட்டிருக்கிறார். மரியாதை என்ற பெயரில் கேட்டதைக் கொடுக்காமல் வந்திருக்கிறேன். அவமானமாக இருந்தது.

கடிதத்தை மேசையில் வைத்து, மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து கையெழுத்துப் போட்டார். வாசல் வரை வந்தார். எப்போதும் சொல்கிற "சனிக்கிழமை பாப்போமுங்க" வரவில்லை.

திரும்பி வரும்போது ஜெனி சைக்கிளை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். "அழறியாம்மா?" என்றாள். "ஒண்ணுமில்லை கண்ணு" என்று சொல்ல வாய் திறந்து, "ஆமா" என்றேன். அவள் நடையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டாள்.

7

புதன்கிழமை சங்கிலியை எடுத்துவிட்டார்கள். லென்ஸ்காரர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுத வேண்டாம். சனிக்கிழமை போவதா வேண்டாமா என்று காலை வரை குழப்பம். போனேன். இப்போது போகாமல் இருப்பதும் ஒரு பொய்தான் என்று தோன்றியது.

ஹெரால்ட் வந்திருந்தார். காதுக் கருவி காதில் இருந்தது. யாரும் கேட்பதற்கு முன்பே எல்லோரிடமும், தான் பார்த்தது தப்பு, அது வக்காவின் குஞ்சு என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தார். என்னைக் குறை சொல்லவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. நான் எல்லோருக்கும் பின்னால் நடந்தேன்.

ஆறு வளைகிற இடம் தாண்டியதும் அவர் சட்டென்று நின்றார். அக்கரையில் ஒரு உயரமான மரத்தைக் காட்டினார்.

"உச்சியில வெள்ளைத் தலைக் கழுகுங்க."

பத்து பைனாக்குலர்கள் மேலே போயின. பக்கத்தில் நின்ற பெண்மணி செருமினார். எல்லோருக்கும் தெரிந்தது, ஒருத்தராலும் சொல்ல முடியவில்லை. இது எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே உள்ள வியாதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"கழுகு இல்லீங்க. பிளாஸ்டிக் பை. கிளையில மாட்டிக்கிட்டு ஆடுது."

எழுதப் போன பேனா நோட்டின் மேலேயே நின்றது. காது மடல் சிவந்துவிட்டது. மரத்தை இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு எதையும் எழுதாமல் நோட்டை மூடினார். மறுபடியும் நடந்தார். நானும் பக்கத்தில் நடந்தேன்.

இருபது அடி போயிருப்போம். நாணலுக்குள் ஏதோ அசைந்தது. ஹெரால்ட் நின்று, நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அது என்னங்க அம்மணி?"

நன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.